மூடியார் பெற்ற பிள்ளை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யில்லை. பொய்யென்று யாராவது காட்டினால் என் மீசையில் ஒரு பாதியை மழித்துக்கொண்டு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வருகிறேன். மறுபாதியை ஏன் விட்டு வைக்கிறேன் என்றால், காட்டியவர் சொன்னதும் பொய்யாக இருந்துவிட்டால் எனக்கு முறுக்குவதற்கு ஏதாவது வேண்டுமே.

ஒரு காலத்தில் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறை இருந்தது. அங்கே துரை என்று ஒரு மோட்டார் சைக்கிள் குடியிருந்தார். சீமையில் பிறந்து, பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறி வந்து, கடைசியில் பட்டறைக்காரன் காளியண்ணனிடம் வந்து சேர்ந்தவர். வந்த புதிதில் இங்கிலீஷில்தான் இருமிக்கொண்டிருந்தார். நம் ஊர்த் தண்ணீரும் கலப்பட எண்ணெயும் உள்ளே இறங்க இறங்க, 'ஏனுங்க, ஏனுங்க' என்று இருமப் பழகிவிட்டார்.

துரையின் வலது விலாவில் ஒரு அலுமினிய மூடி உண்டு. ஒரு சாண் நீளம் இருக்கும். அதற்குப் பின்னால்தான் இஞ்சினின் பல்சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. அந்த மூடியைப் பட்டறையில் எல்லோரும் மூடியார் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். மழை, புழுதி, சாணி எதையும் அவர் உள்ளே விட்டதில்லை. பல்சக்கரங்கள் எண்ணெயில் குளித்துக்கொண்டு, நாளெல்லாம் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பு முதுகில் அதிர்வதுதான் மூடியாருக்குச் சோறு, தண்ணீர் எல்லாம்.

இவர்கள் பேசுவது காளியண்ணனுக்குக் கேட்கும். அவன் மனைவி பூவாத்தாளுக்கும் கேட்கும். ஆனால் வீட்டு வேலை கெடும் என்று கேட்காத மாதிரி இருந்துவிடுவாள்.

ஒருநாள் புருஷனும் பெண்டாட்டியும் துரை மேல் ஏறி அன்னூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். நட்ட நடு ரோட்டில் ஒரு மயில் தோகையை விரித்துக்கொண்டு நின்றது. காளியண்ணன் வண்டியைச் சட்டென்று ஒடித்துத் திருப்பினான். வண்டி போய் மைல்கல்லில் சாய்ந்தது. மயிலுக்கு ஒரு இறகுகூட உதிரவில்லை. பூவாத்தாளுக்கு முழங்கைத் தோல் வழன்று போனது. மூடியார் நெற்றியிலிருந்து தாடை வரை இரண்டாகப் பிளந்துவிட்டார்.

சேதி கேட்டதும் பூவாத்தாளின் அண்ணன் பொங்கியண்ணன் ஓடி வந்தான். அவன் பழைய இரும்புக் கடைக்காரன். வண்டிகளை வாங்கி, சுத்தியலால் அடித்து, பிரித்துப் போடுகிறவன்.

"ஏன் மாப்ள, என்ற தங்கச்சியை உனக்குக் கட்டிக் குடுத்தது ரோட்டுல உருட்டறதுக்கா?"

"மயில் வந்துருச்சு மச்சான்."

"மயில் வந்தா முருகன் ஏறியிருப்பாரு. நீ எதுக்கு உழுந்தே? இந்தக் கெழட்டு வண்டிக்கு மூடி எங்கே போய்த் தேடுவே? செஞ்சவனே இப்ப இல்லை."

"நானே ஊத்திக்குவேன்."

"என்ன, இட்லியா ஊத்தறதுக்கு?" என்று சிரித்தான் பொங்கியண்ணன். "வெள்ளிக்கெழமை மத்தியானம் டெம்போவோட வாரேன். இது உறுமுச்சுன்னா பேசாமத் திரும்பிப் போறேன். உறுமலையா, ஏத்திக்கிட்டுப் போயிருவேன். அன்னைக்கு நீ வாயத் தொறக்கப்படாது."

பூவாத்தாளின் முழங்கைக் கட்டைப் பார்த்தான் காளியண்ணன். "சரி மச்சான்" என்றுவிட்டான்.

பொங்கியண்ணன் போனதும் துரை முணுமுணுத்தார்: "பட்டாளத்துல பீரங்கிக்குப் பயப்படாதவன் நான். பொங்கியண்ணன் சுத்தியல்ல சாகறதா?" பல்சக்கரங்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரிப்பை நிறுத்தின. மூடி இல்லாமல் திறந்து கிடந்த அவற்றின் மேல் புழுதி வந்து உட்கார்ந்தது. மேசை மேல் இரண்டு துண்டாகக் கிடந்த மூடியார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காளியண்ணன் வேலையைத் தொடங்கினான். மூடியாரின் இரண்டு துண்டையும் தண்ணீருக்கு அசையாத பசை வைத்து ஒட்டினான். அவரை ஈர மணலில் அழுத்தி எடுத்தால் அவர் உருவத்தில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் உருகிய அலுமினியத்தை ஊற்றினால் புது மூடி. உருக்குவதற்கு ஆட்டோ பிஸ்டன்கள் கொஞ்சம் கிடந்தன. கைப்பிடி போன குக்கரைப் பூவாத்தாள் கொடுத்தாள்.

ஆனால் ஒரு சங்கதி. சூட்டில் ஊற்றுகிற உலோகம் ஆறும்போது சுருங்கும். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு நூல் சுருங்கும். நூல் என்பது பட்டறைக்காரர்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதனால் காளியண்ணன் அட்டையை வெட்டி, மைதாப் பசை தடவி, மூடியாரின் ஓரமெல்லாம் சுற்றி ஒட்டினான். லேத்தில் சீவுவதற்கும் சதை வேண்டுமென்று முகத்திலும் ஒட்டினான்.

மூடியாருக்குப் பொறுக்கவில்லை. "காளியண்ணா, இதென்ன அநியாயம்? எனக்கு அம்மை போட்ட மாதிரி ஊதி உட்டிருக்கறே!"

"ஊதுனாத்தானுங்க பிள்ளை அளவா வரும், மூடியாரே."

"என்னை மாதிரி வரோணுமா, இந்த அட்டைப் பெட்டி மாதிரி வரோணுமா? உள்ளே இருக்கற குழந்தைங்களுக்கு என்ற மொகத்தை உட்டா வேற மொகம் தெரியாது. யாரோ ஒருத்தன் வந்து கதவடைச்சா அதுங்க பயந்துக்காதா?"

"அளவு மூடியாரே, அளவு!" என்று சொல்லிவிட்டு, காளியண்ணன் உலைக்கு நெருப்புப் போடப் போனான்.

மூடியார் சுற்றும் முற்றும் பார்த்தார். வாசலில் பூவாத்தாள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அலுமினியம் என்று எதைக் கண்டாலும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காமல் விடமாட்டாள். பக்கத்து வீட்டு ஏணியைக்கூட ஒருதரம் விளக்கிக் கொடுத்தவள்.

"அம்மிணி," என்று கூப்பிட்டார் மூடியார், பாவமாக. "கடைசியா மணல்ல படுக்கப் போறேன். எம்பட மூஞ்சியைப் பாரு, பசையும் பிசுக்குமா. கொஞ்சம் பளிச்சுன்னு போனா ஆகாதா?"

கேட்காத மாதிரி இருக்கிற வழக்கத்தை அன்றைக்கு அவளால் காப்பாற்ற முடியவில்லை. "அட ஆமாங்க பெரியவரே, யாரோ அட்டையெல்லாம் அப்பி வெச்சிருக்கறாங்களே!" என்று தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் முக்கினாள். மைதாப் பசை இளகியது. அட்டை ஊறி உரிந்தது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்த தேய்ப்பில், மூடியார் கப்பலில் வந்து இறங்கிய நாள் மாதிரி மின்னினார்.

அங்கே உலையில் அலுமினியம் உருகித் தளதளவென்று நின்றது. உருகியது காத்திருக்காது. காளியண்ணன் வேர்வையில் மங்கிய கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்கே, மூடியைக் கொண்டா புள்ள!" என்று கத்தினான். பூவாத்தாள் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். அவன் பிரித்த கையோடு மணலில் வைத்து இடித்தான்.

மணல் மெதுவாகச் சொன்னது: "பெரியவரே, நீங்க என்ன அளவு சொல்றீங்களோ அதுதான் எனக்குத் தெரியும். கொஞ்சம் பெருசாச் சொல்லுங்க. சூட்டுல வாரது குளிரும்போது ஒடுங்கிப் போகும்."

"நான் எவ்வளவோ அவ்வளவு. அதுக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம்."

"சரி," என்றது மணல். மணலுக்கு வாதாடத் தெரியாது.

ஊற்றினார்கள். ஆறியதும் மணலை உடைத்தார்கள். உள்ளே குட்டி மூடி கிடந்தான். அடேயப்பா! அதே நெற்றி, அதே தாடை, மூலையில் அதே சொட்டை. ஒட்டுப் போட்ட தழும்புகூட அப்படியே விழுந்திருந்தது. மூடியாரின் மேனியில் மிச்சமிருந்த எண்ணெய் ஒரு சொட்டாகத் திரண்டு கீழே விழுந்தது.

"பாத்தியா துரை, அச்சு அசல் நானேதான்!"

"என்ற கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது," என்றார் துரை. "எங்கே, மாட்டிப் பாருங்க."

முதலில் பையனை லேத்தில் கட்டினார்கள். லேத்தக்கா பட்டறைக்கே மூத்தவள், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவள். உளியை ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இதுல சீவறதுக்கு என்ன இருக்குது? சதையே இல்லை. இதுக்கு மேல சீவுனா எலும்புதான் வரும்."

காளியண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அப்போதுதான் உற்றுப் பார்த்தான். திரும்பி மூடியாரைப் பார்த்தான். அட்டை இல்லை. "புள்ள... இதுல ஒட்டியிருந்த அட்டை எங்கே?"

"அழுக்குன்னு தேச்சு உட்டனுங்க," என்றாள் பூவாத்தாள். சொல்லும்போதே அவளுக்கும் விளங்கிவிட்டது. "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருந்தாலும் வைத்துப் பார்த்தார்கள். இந்தப் பக்கத் துளையில் போல்ட்டு போனால் அந்தப் பக்கத் துளை ஒரு நூல் தள்ளி நின்றது. அந்தப் பக்கம் போட்டால் இந்தப் பக்கம் நின்றது. நடுவில் பல்சக்கரம் உரசி, "வலிக்குது, வலிக்குது" என்று கத்தியது.

"அளவு பத்தாத சட்டையை மாட்டி உட்ட மாதிரி இருக்குது," என்றார் துரை. வேண்டுமென்றே சொல்லவில்லை. அவர் பாட்டுக்குச் சொன்னார்.

குட்டி மூடி தலையைக் குனிந்துகொண்டான். "அப்பா, நான் உங்களை மாதிரியேதானே இருக்கறேன்? அப்புறம் எதுல குறைஞ்சு போனேன்?"

மூடியார் மணல் பெட்டியின் பக்கம் திரும்பினார். மணல் ஒன்றும் சொல்லவில்லை. "நான் அப்பவே சொன்னேனே" என்று அது சொல்லியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விடிந்தது வெள்ளிக்கிழமை. காளியண்ணன் உலைக்குப் பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

மூடியார்தான் முதலில் பேசினார். "காளியண்ணா, எந்திரி. அட்டையை எடு. எவ்வளவு வேணுமோ அவ்வளவு ஒட்டு. வாயத் தொறக்கமாட்டேன்."

"அட்டை நனைஞ்சு நாசமாப் போச்சுங்க."

பூவாத்தாள் உள்ளே போய்ச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை எடுத்துவந்தாள். சாமி படம் போட்ட மேலட்டையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாளைக் கொத்தாகக் கிழித்தாள்.

"ஏன் புள்ள, இன்னும் வராத மாசமெல்லாம் கிழிக்கறயே?"

"வந்து போன மாசமெல்லாம் எங்கீங்க இருக்குது? இனி வாரதை வெச்சுத்தான் ஒட்டோணும்," என்றாள் அவள். மாவைக் காய்ச்சிப் பசை கிண்டி, ஒவ்வொரு தாளாக அவளே ஒட்டினாள். தீபாவளி மூடியாரின் தாடையில் போனது. கார்த்திகை நெற்றியில் போனது. நல்ல நேரம், இராகு காலம் எல்லாம் சேர்ந்து அவரைச் சுற்றி ஒரு நூலுக்கு மேலேயே தடித்தன. மேலே மெழுகு தடவினார்கள். மூடியார் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி பெருத்துப் போனார். வாயைத் திறக்கவில்லை.

மணலில் படுத்தார். "இந்தத் தரம் இவ்வளவு," என்றார் மணலிடம்.

"நல்லதுங்க," என்றது மணல்.

அவரை எடுத்ததும் பள்ளம் பெரிதாக, அழகாக விழுந்திருந்தது. குட்டி மூடியை மறுபடி உருக்கவேண்டியதுதான். ஆனால் காளியண்ணன் கையில் எடை பார்த்தான். முகம் வாடினான். இந்தப் பள்ளத்துக்கு அந்தப் பையன் போதமாட்டான். பிஸ்டனும் குக்கரும் அவனோடு தீர்ந்துவிட்டன.

"வேற என்ன புள்ள இருக்குது வீட்டுல?"

"மிச்சமெல்லாம் எவர்சில்வருங்க."

"கடைக்குப் போய் வாங்கலாம்னா..."

"போகோணும்னா எங்க அண்ணன் கடைதான் இருக்குது. கேட்டீங்கன்னா அலுமினியத்தையும் குடுத்துட்டு வண்டியையும் ஏத்திக்கிட்டுப் போயிருவான்."

மூடியார் தன் மேல் ஒட்டியிருந்த தாள்களை ஒரு உலுக்கு உலுக்கினார். ஆவணியும் ஐப்பசியும் பறந்தன.

"என்னையும் போடு," என்றார்.

லேத்தக்கா தன் மோட்டாரை நிறுத்திக்கொண்டாள்.

"மூடியாரே, வெளையாடாதீங்க," என்றான் காளியண்ணன். "உங்களை உருக்கிட்டு, இதுவும் சரியா வரலைன்னா, அப்புறம் அச்சுக்கு எதை வெப்பேன்? உங்க உருவமே உலகத்துல இல்லாமப் போயிருமே!"

"சரியா வரோணும். அதுக்குத்தான் நானும் உள்ளே போறேன்."

உலை ஓரத்தில் குட்டி மூடி கிடந்தான். மூடியாரை அவன் பக்கத்தில் வைத்தார்கள்.

"அப்பா, உள்ளே போய்க் கரைஞ்சுட்டா, நீங்க யாரு நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது சாமி."

"பயமா இருக்குது."

"எனக்குந்தான். கிட்ட வா."

காளியண்ணன் இடுக்கியால் பிடித்தான். அவனுக்குக் கண்ணாடி மறுபடியும் மங்கிவிட்டது. இந்தத் தரம் வேர்வை இல்லை. பூவாத்தாள்தான் அதை வாங்கித் துடைத்து, அவன் மூக்கில் சரியாக மாட்டிவிட்டாள். "நல்லாப் பாத்து ஊத்துங்க," என்றாள்.

ஊற்றினான்.

மணலை உடைத்தபோது வெளியே வந்தவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. தடித்த உதடு, வீங்கிய கன்னம். மெழுகில் அழுந்தியிருந்த காலண்டர்த் தாளின் சுருக்கம் மேனியெல்லாம் வரி வரியாக இருந்தது. ஒட்டுத் தழும்பைக் காணோம். மூலைச் சொட்டையையும் காணோம். மூடியாரின் ஜாடை எள்ளளவும் இல்லை.

ஆனால் லேத்தக்கா ஒரு பார்வை பார்த்ததும், "ஆகா, வாடா ராசா!" என்று கூவினாள். "இப்படிச் சதையோட ஒருத்தன் வந்து எத்தனை நாளாச்சு!" உளி பட்டதும் அவன் கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி நெளிந்தான். சுருள் சுருளாகச் சீவல் பறந்தது. கால் நூல், அரை நூல் என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். காளியண்ணன் துளைகளை இஞ்சினில் வைத்துக் குறித்துப் போட்டான். வைத்தார்கள். ஒரு போல்ட்டு போனது. எதிர்ப் பக்கத்துப் போல்ட்டு, யாரோ உள்ளேயிருந்து கை நீட்டி வாங்கிக்கொண்ட மாதிரி, சத்தமில்லாமல் போனது.

வாசலில் டெம்போ வந்து நின்றது. பொங்கியண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

"என்ன மாப்ள, இட்லி வெந்துருச்சா?"

காளியண்ணன் கிக்கரை மிதித்தான். துரை 'ஏனுங்க' என்றார். மறுபடி மிதித்தான். 'ஏனு...' என்று இழுத்தார். பொங்கியண்ணன் கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினான். பூவாத்தாள் கட்டுப் போட்ட கையோடு வந்து, புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மிணி, இறங்கு! மறுபடியும் உழுகோணுமா?"

"உழுந்தா நாந்தானே அண்ணா உழுகறேன். நீ தள்ளி நில்லு," என்றாள் அவள். "மிதிங்க நீங்க."

மிதித்தான். துரை உறுமினார். பட்டறைத் தகரம் ஆடியது. பக்கத்து வீட்டு ஏணி சாய்ந்தது. மணியகாரம்பாளையத்தில் ஒரு கோழி பயத்தில் இரட்டைக் கரு முட்டை போட்டது. வேண்டுமானால் அந்தக் கோழியையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கியண்ணன் கயிற்றைத் தூக்கி டெம்போவுக்குள் எறிந்தான். "சரி சரி. வந்ததுக்கு ஒரு வாய் காப்பியாவது குடுங்க," என்று படியில் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே இருட்டில், பல்சக்கரங்கள் முதலில் சிரிக்கவில்லை. புது முகத்தைக் கண்டு ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு சுழன்றன. சின்னச் சக்கரம்தான் துணிந்து, ஒரு துளி எண்ணெயை எடுத்து அவன் முதுகில் சளக்கென்று அடித்துப் பார்த்தது. அவன் அசையவில்லை. அந்த எண்ணெயைக் கீழே சிந்தவிடாமல் ஏந்தி, அதன் தலையிலேயே திருப்பி வார்த்தான். அவ்வளவுதான். கெக்கெக்கே என்று தொடங்கியது சிரிப்பு.

இன்றைக்கும் அந்த மூடி கணபதிப் பக்கம் துரையின் விலாவில் இருந்துகொண்டு எல்லோரிடமும் பேச்சுக் கொடுக்கிறான். கொஞ்சம் திமிர் உண்டு. "என்னை மாதிரி இன்னொருத்தன் கெடையாது. நான் யாரைப் பாத்தும் செஞ்சு வந்தவனில்லை, தானா வந்தவன்!" என்று போகிற வருகிற சைக்கிளிடமெல்லாம் அளக்கிறான். துரைக்கு விஷயம் தெரியும். தனக்குள்ளே மெதுவாக இருமிக்கொள்கிறாரே தவிர, மூச்சுவிடுவதில்லை. காளியண்ணனும் பூவாத்தாளும் சொல்வதில்லை.

நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அவன் பாட்டுக்குத் தானாக வந்தவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வாய் சும்மா இருக்காமல் சொல்லித்தான் தீருவேன் என்றால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், சொன்னது இந்தக் கிழவன்தான் என்று மட்டும் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.